நிற்க வைத்துப் பார்த்த கால்

நாகமலை புதுக்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் தமிழ்வாணிக்கு,

அம்மா எழுதுவது. இன்று காலை கண் விழித்ததும் முதல் வேலையாக, காலைத் தரையில் வைக்காமல், படுத்தபடியே இடது காலில் ஸ்டாக்கிங்ஸ் மாட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் சாக்ஸ் இல்லை, முழங்கால் வரை வரும் கனத்த ரப்பர் மாதிரியான உறை. எழுந்து நின்று ரத்தம் கீழே இறங்குவதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. பத்து நிமிஷம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது, உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஏழு மாசமா தலகாணிக்கு உறை போடச் சொன்னேன், இப்ப கைக்குப் பழகிரும் என்று கிண்டல் செய்தார். மற்றபடி இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். ஃபோனில் இதையெல்லாம் சொன்னால் நீ பாதியிலேயே பதறி வேலையை விடும்மா என்பாய், உன் அப்பா உடனே பாத்தியா பிள்ளையே சொல்லுது என்பார், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் காகிதம். யுனிவர்சிட்டியில் உனக்கு சீனியராக இருந்த ஜினோ புதன்கிழமை தைவானுக்குத் திரும்புகிறான், பெட்டியில் ஒன்றரைக் கிலோவுக்கு இடம் தருகிறேன் ஆன்ட்டி என்றான். இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் மோர் மிளகாயும் கட்டி, நடுவில் இந்தக் கவரை வைக்கிறேன். பொடி வாசனை அடித்தால் முகம் சுளிக்காதே.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அலங்காநல்லூர் சுடலை சித்தப்பா பொங்கலுக்கு மாட்டை அவிழ்த்துவிட்டார், மாடு யாருக்கும் பிடிபடாமல் போய்விட்டது, அதைக் கொண்டாடித் துள்ளிக் குதித்ததில் சித்தப்பாதான் விழுந்து கையில் கட்டுப் போட்டிருக்கிறார். பரிசாகக் கிடைத்த சைக்கிளை ஓட்ட முடியாமல் வீட்டுக்குள்ளே நிறுத்தித் துடைத்துக்கொண்டிருக்கிறார். உன் அப்பாவுக்குத் திருமங்கலம் ரூட்டிலேயே பஸ் கொடுத்திருக்கிறார்கள், எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்து முதுகு வலி. ஒரு நாள் நான் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறேன், அவர் தரையில் குப்புறக் கிடக்கிறார், நான் உக்காந்தே முதுகு போச்சு, நீ நின்னே காலு போச்சு, ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டால வகுத்தா ஒரு முழு ஆளு தேறும் என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் வகுத்துப் பார்க்கிற விஷயமா இது என்று அப்புறம் யோசித்தேன்.

கால் வலி என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன், முழுதாகச் சொல்லவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பறையில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது என்பது உனக்குத் தெரியாது. நீ காலேஜ் சேர்ந்த வருஷம் வகுப்புக்கு வகுப்பு கேமரா வைத்தார்கள், அடுத்த மாதமே ஒரு பெற்றோர் வந்து டீச்சர் உட்கார்ந்து ஃபோன் பார்க்கிறார் என்று புகார் சொன்னார், அந்த வாரக் கடைசியில் நாற்காலிகள் எல்லாம் மூன்றாம் மாடிக்குப் போய்விட்டன. ஆண்டு விழாவுக்கு மட்டும் விருந்தாளிகளுக்காகக் கீழே இறங்கும். நின்று நடத்தினால்தான் பாடம் சுறுசுறுப்பாக இருக்கும் என்று சர்க்குலர் வந்தது. எட்டு பீரியடில் ஏழு எனக்கு வகுப்பு, மதியம் சாப்பாட்டு ட்யூட்டி, மாலையில் பஸ் ஏற்றும் ட்யூட்டி. முதல் வருஷம் சாயங்காலம் செருப்பு இறுகும், அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் கெண்டைக்காலில் நரம்பு பச்சையாக முறுக்கிக்கொண்டு தெரிய ஆரம்பித்தது. போன வருஷம் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, ராத்திரியில் அரிப்பு. ஒரு தடவை ஒன்பது பி-யில் முன் பெஞ்சுப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டு, மிஸ் இங்க செத்த உக்காருங்க என்றார்கள், உட்கார்ந்தேன், ஐந்து நிமிஷத்தில் ஆயா பாண்டிமீனா வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு பிரின்சிபால் மேடம் எந்திரிக்கச் சொன்னாக டீச்சர் என்றார். பிள்ளைகள் முன்னால் எழுந்தேன் வாணி. பத்தொன்பது வருஷமாக அதே வகுப்புகளுக்கு ரத்த ஓட்டப் பாடம் நடத்துகிறவள் நான். கால் ரத்தம் மேலே ஏற வேண்டுமென்றால் கெண்டைச் சதை அமுக்க வேண்டும், ஏறிய ரத்தம் திரும்பி விழாமல் சிரைக்குள் குட்டிக் குட்டிக் கதவுகள் மூடிக்கொள்ளும் என்று போர்டில் படம் போட்டுக் காட்டுவேன். நின்ற இடத்தில் நின்றுகொண்டே காட்டுவேன்.

நவம்பரில் பிரின்சிபாலிடம் நாற்காலி கேட்டு எழுதிக் கொடுத்தேன். மெடிக்கல் ரிப்போர்ட் இருக்கிறதா என்றார்கள். நம் ஊர் டாக்டரிடம் பக்கத்து ஊர் ஸ்கேன் சென்டருக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். இங்கே நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், நீ சிரிக்கலாம். திங்கட்கிழமை காலை ஸ்கேன் என்றால், முந்தின நாள் ஞாயிறு முழுக்கக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தேன். விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைக் கூட்டிப் பெருக்குவோமே அது மாதிரி. வீங்கின காலோடு டாக்டர் முன்னால் போய் நிற்க எனக்குக் கூச்சம், உன் அப்பாவும் ஆமா ஆமா கொஞ்சம் வடியட்டும், பார்க்க நல்லாயிருக்கும் என்று தேங்காயெண்ணெய் வேறு தடவிவிட்டார். கால் கல்யாணப் பெண் கால் மாதிரி ஆகிவிட்டது. அங்கே என்னைப் படுக்க வைத்து, அடைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள், இல்லை, நார்மல் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன், சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தார்கள். அந்த நார்மலைப் பிரின்சிபால் வாங்கிப் பார்த்து, கடவுள் காப்பாத்தினார் டீச்சர், உங்களுக்கு ஒண்ணுமே இல்ல, மனசு தான் சோர்ந்து போயிருக்கு, யோகா பண்ணுங்க என்றார். ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் என்னைப் பார்த்தால் சிரிப்பு. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நடிக்கிறேனோ என்று. அந்தச் சந்தேகம்தான் வலியை விட மோசம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஜனவரியில் யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் போய் ரத்தக்குழாய் டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பழைய ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, அம்மா இது படுக்க வச்சுப் பாக்குற நோய் இல்ல, நிக்க வச்சுப் பாக்கணும், அதுவும் வேலை முடிஞ்ச கையோட சாயங்காலம் வாங்க, எண்ணெய் கிண்ணெய் தடவாம வாங்க என்றார். எண்ணெய் விஷயம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன், எல்லா டீச்சரும் தடவிட்டுத்தான் வர்றாங்க என்றார். வியாழக்கிழமை எட்டாவது பீரியட் முடிந்து, பஸ் ஏற்றிவிட்டு, அப்படியே போனேன். ஐரின் என்று ஒரு பெண் ஸ்கேன் எடுக்கிறவள், உன் வயதுதான் இருக்கும். ஒரு சின்ன மேடை மேல் ஏறி நிற்கச் சொன்னாள், பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நின்றேன், குளிர்ந்த பசையைத் தடவினாள். எடையை வலது காலில் போட்டுவிட்டு இடது காலைத் தளர விடச் சொன்னாள். எனக்குத் தளர விடத் தெரியவில்லை வாணி. விட்டேன் என்று நான் நினைக்கிறேன், கால் விறைத்துக்கொண்டே நிற்கிறது. டீச்சர், இங்க ஒண்ணும் ப்ரேயர் நடக்கல, கொடி ஏத்தல, காலைக் கொஞ்சம் நம்பி விடுங்க என்றாள். சிரித்தேன், சிரித்ததில்தான் தளர்ந்தது.

அவள் கெண்டைச் சதையைக் கையால் அமுக்கினாள், திரையில் நீலமாக ஒரு கோடு மேலே ஓடியது, மெஷினில் உஸ் என்று சத்தம். கையை எடுத்தாள். எடுத்ததும் அடங்க வேண்டிய சத்தம் அடங்கவில்லை, சிவப்பாகக் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருந்தது, தாழ்ப்பாள் இல்லாத கதவு காற்றில் திறந்த மாதிரி. சரியான காலில் அரை வினாடிக்குள் நின்றுவிடுமாம், எனக்கு மூன்று புள்ளி ஆறு வினாடி. ஒரு தடவை தப்பாக இருக்கலாம் என்று நானே சொல்லி மறுபடி எடுக்கச் சொன்னேன், மூன்று தடவை எடுத்தாள், மூன்று தடவையும் அப்படித்தான். அப்புறம் உட்கார வைத்து, கணுக்காலுக்கு மேலே வெளிச்சம் விடும் சின்னப் பொத்தான் ஒன்றை ஒட்டி, பாதத்தைப் பத்து தடவை மேலே தூக்கி இறக்கச் சொன்னாள். காலியான சிரையில் ரத்தம் மறுபடி நிதானமாக நிறைய இருபது வினாடிக்கு மேல் ஆக வேண்டும், என் கால் ஒன்பது வினாடியில் நிறைந்துவிட்டது. கை பிரஷரையும் கணுக்கால் பிரஷரையும் ஒப்பிட்டுப் பார்த்து, இறுக்க உறை போடலாம் என்று சொன்னாள். நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போர்டில் சாக்பீசால் போடுகிற கதவுகள் நிஜத்தில் மூடாமல் ஆடுவதைப் பார்த்தபோது அழுகை வரவில்லை. நிம்மதி வந்தது. நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு என் காலே சாட்சி சொல்லிவிட்டது. லேசர் வைத்து அந்தச் சிரையை அடைத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மறுபடியும் நாள் முழுக்க நின்றால் பக்கத்துச் சிரையும் இப்படி ஆகலாம் என்று டாக்டர் சொன்னார். மே மாத லீவில் தேதி வாங்கியிருக்கிறேன். நீ டிக்கெட் எல்லாம் போட வேண்டாம், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

ரிப்போர்ட்டோடு நேரே தாளாளர் அறைக்குப் போனேன். அவர் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலி இருக்கும், பெற்றோருக்கு. பத்தொன்பது வருஷத்தில் ஆசிரியர் யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தேன். அவர் ரிப்போர்ட்டை அப்புறம்தான் பார்த்தார், முதலில் நாற்காலியைத்தான் பார்த்தார். படித்துவிட்டு, இது பரம்பரை வியாதின்னு கேள்விப்பட்டிருக்கேன் டீச்சர், ஸ்கூல் என்ன பண்ணும் என்றார். ஆமா சார், பரம்பரைதான், எங்க பரம்பரையே நின்னுக்கிட்டே இருந்த பரம்பரை என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. உன் தாத்தா கருப்பு கடைசி வரை எந்த வீட்டு வாசலிலும் உட்கார்ந்து கூலி வாங்கியதில்லை, உட்காரு என்று யாரும் சொன்னதில்லை, அவராக உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் பேசியதில்லை, அன்றும் பேச நினைத்துப் போகவில்லை. தாளாளர் ரிப்போர்ட்டை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு, சரி, உங்களுக்கு மட்டும் ஒரு சேர் தரச் சொல்றேன் என்றார். மற்றவர்களுக்கு என்றேன். அவங்க அவங்க ரிப்போர்ட்டோட வரட்டும், அப்ப பாப்போம் என்றார்.

நாற்காலி வந்தது. எப்படி வந்தது தெரியுமா. வகுப்பில் வைத்தால் அடுத்து வருகிற டீச்சரும் உட்கார்ந்துவிடுவார்களாம், அதனால் நான் போகிற வகுப்புக்கெல்லாம் பாண்டிமீனா அதைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வர வேண்டும், பீரியட் முடிந்ததும் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். வெள்ளிக்கிழமைதான் முதல் நாள். பாண்டிமீனாவுக்கு என்னை விட இரண்டு வயது கூட, மூட்டு வலி வேறு. மாடிப்படியில் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முன்னாடி போங்க டீச்சர், சாமி புறப்பாடு மாதிரியே இருக்கு, குடையும் மேளமும்தான் குறைச்சல் என்றார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கைதட்டினார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வழி விடுங்கடா, மிஸ்ஸோட வாகனம் வருது என்றான். நானும் சிரித்தேன். ஆனால் உட்கார்ந்தபோது அந்த நாற்காலி முள்ளாகக் குத்தியது. நான் உட்கார ஒருத்தி தூக்கிச் சுமந்து மூன்று மாடி ஏறுகிறாள், இதற்கா கேட்டேன். உன் அப்பாவோ கேட்டது கெடச்சுச்சுல்ல, இனி வாயைத் தொறக்காம மார்ச் வரைக்கும் ஓட்டு, ஏப்ரல்ல வேலை ஆர்டர் புதுசாப் போடணும், அவுக போடலைன்னா என்ன பண்ணுவ என்கிறார். அவர் சொல்வதில் தப்பில்லை. போன வருஷம் இரண்டு பேரைக் காரணம் சொல்லாமலே அனுப்பியிருக்கிறார்கள். இந்த வயதில் இன்னொரு பள்ளிக்கூடம் என்னை எடுக்குமா என்பதும் தெரியாது.

இதில் என் மனதை அறுப்பது தமிழம்மா ஆரோக்கியம்தான். உனக்கு எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்குச் சொல்லிக் கொடுத்தாரே, அவரேதான், இப்போது ஒன்பது பி-க்கும் அவர்தான் தமிழ். வெள்ளிக்கிழமை மதியம் கைகழுவும் இடத்தில் சேலையைக் கொஞ்சம் தூக்கினார், கணுக்காலில் ரூபாய் நாணயம் அளவு புண், துணி சுற்றியிருந்தார். கொசு கடிச்சதைச் சொறிஞ்சுட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார், நாலு மாதமாக ஆறாத கொசுக்கடி. அன்றைக்கே டாக்டரிடம் போகலாம் வாங்க, ஐரினிடம் நானே கூட்டிப் போகிறேன் என்றேன். வேணாம் பஞ்சு, ரிப்போர்ட்னு ஒண்ணு வந்துட்டா இந்தம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னு என்னையத்தான் முதல்ல அனுப்புவாக, நீ தைரியசாலி, உனக்குக் கிடைச்சுச்சு, நல்லா இரு என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். பொறாமை இல்லாமல்தான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. புண்ணுக்காவது வைத்தியம் பார்க்க வேண்டும் என்று விடாமல் பேசி, புதன்கிழமை சாயங்காலம் என்னோடு மதுரைக்கு வரச் சம்மதிக்க வைத்திருக்கிறேன், பள்ளிக்கூடத்துக்குத் தெரியாமல். ஆனால் வைத்தியம் பார்த்துவிட்டு வியாழக்கிழமை மறுபடியும் ஏழு பீரியட் நின்றால் அது என்ன வைத்தியம்.

நீயும் லேபில் மணிக்கணக்கில் நின்றுகொண்டுதான் வேலை பார்க்கிறாய் என்று தெரியும். ஸ்டூல் இருந்தால் உட்கார், வெட்கப்படாதே, இல்லாவிட்டால் கேள். நிற்கும்போது அவ்வப்போது குதிகாலைத் தூக்கி இறக்கு. சாயங்காலம் காலைச் சுவரில் வைத்துக் கால் மணி நேரம் படு. உன் ப்ரொஃபசர் கோபக்காரர் என்று சொன்னாயே, அவர் கோபப்பட்டால் படட்டும், நீ எழுதி வைத்த ரீடிங் சரி என்றால் சரிதான், ஒரு தடவைக்கு மூன்று தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டு பயப்படாமல் பேசு. மோர் மிளகாயை ரூமில் வறுக்காதே, போன தடவை மாதிரி ஃபயர் அலாரம் அடிக்கப் போகிறது. அப்பாவின் பிறந்தநாள் பத்தொன்பதாம் தேதி, மறக்காமல் கூப்பிடு, கூப்பிடும்போது இந்தக் கடிதத்தைப் பற்றி வாய் திறக்காதே. எந்த ஊரில் இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் குனியாமல், நிறைந்த மனதோடு நீ இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவின் ஆசீர்வாதமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம் இல்லை, ஆரோக்கியத்திடம் இல்லை, பாண்டிமீனாவிடமும் இல்லை. நீ இதைப் படிக்கும்போது அது நடந்து முடிந்திருக்கும், தடுக்க முடியாது, அதனால் சொல்கிறேன். நாளைக்கு முதல் பீரியட் எனக்கு ஒன்பது பி-யில். மாடிப்படியில் பாண்டிமீனாவிடமிருந்து அந்த நாற்காலியை நானே வாங்கித் தூக்கிக்கொண்டு போவேன், பிளாஸ்டிக் நாற்காலிதான், கனமில்லை. உட்கார்ந்து பாடம் நடத்துவேன். பெல் அடித்ததும் புத்தகத்தையும் டஸ்டரையும் எடுத்துக்கொண்டு நான் மட்டும் வெளியே வருவேன். பாண்டிமீனா எடுக்க வந்தால் எடுக்க வேண்டாம், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்பேன், பழி அவர் மேல் வராமல் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பேன். இரண்டாவது பீரியட் எனக்குப் பதினொன்று ஏ-யில், அங்கே நாற்காலி இருக்காது, நிற்பேன். ஒன்பது பி-யில் இரண்டாவது பீரியட் தமிழ்.

இப்படிக்கு
உன் அம்மா
மு. பஞ்சவர்ணம்